ஐந்தாவது மூடி

மனித குலம் தன் கடந்த காலத்தை நேருக்கு நேர் சந்திக்கப்போகும் நாள் வியாழக்கிழமை என்றும், நேரம் காலை பத்தரை என்றும் முடிவாகியிருந்தது. வெயில் ஏறினால் மேக்கப் கரைந்துவிடும். எனவே மனித குலம் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டால் உத்தமம்.

இந்த அறிவிப்பைச் சுமந்த கடிதம் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து அகழாய்வுக் கொட்டகைக்கு வந்தபோது, அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் பதிவேட்டுக்காரர். கொட்டகைக்கு ஓர் அதிகாரி இருந்தார். அவர் தலைமை அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனவர், அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கான கூட்டத்துக்கும் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். ஆக, மூன்று வாரமாகப் பதிவேட்டுக்காரர்தான் எல்லாம்.

அவர் சாதாரண ஆள் இல்லை. குறைந்தபட்சம் அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அவர் எழுதும் பதிவேட்டில் ஓர் அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. எழுத்து ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி நிற்கும். விதி என்ன சொல்கிறது? மண்ணிலிருந்து வெளிவரும் எந்தப் பொருளும், வெளிவரும் ஒவ்வொரு முறையும், பதிவாளர் கண்ணெதிரே வெளிவந்த மாத்திரத்தில், எண்ணும் ஆழமும் நேரமும் இட்டுப் பதியப்பட வேண்டும். ‘ஒவ்வொரு முறையும்’ என்பது பிற்பாடு சேர்த்தது. எங்கோ ஒரு குழியில் கிடைத்த பாசிமணி கைதவறி மறுபடி குழிக்குள்ளேயே விழுந்து, மூன்றாம் நாள் மறுபடி கிடைத்து, அதைக் கண்டுபிடித்தது யார் என்று இரண்டு அறிஞர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டதன் விளைவு.

பதிவேட்டில் ஒரு காலத்தில் ‘குறிப்பு’ என்றொரு பத்தியும் இருந்தது. இவருக்கு முன்னால் இருந்தவர்கள் அதில் ‘இன்று மழை’, ‘இன்று தலைவலி’, ‘டீயில் சர்க்கரை இல்லை’ என்றெல்லாம் எழுதித் தள்ளியிருந்தார்கள். புனிதமான ஏட்டில் இப்படியா என்று மனம் கொதித்து, அந்தப் பத்தியையே எடுத்துவிட வேண்டும் என மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். எடுத்துவிட்டார்கள். அவருடைய வாழ்நாளில் தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்ட ஒரே யோசனை அது. அந்த உத்தரவை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

மாட்டியிருந்த இடம் கழிவறைக்குப் போகும் வழி. வீட்டில் எல்லோரும் அதைப் பலமுறை படித்திருந்தார்கள். காரணம், அங்கே நின்று காத்திருக்க வேண்டியிருந்தது. அவர், மனைவி, இரண்டு மகள்கள், மாமியார், மச்சினன் என்று ஆறு பேருக்கு ஒரே ஒரு கழிவறை. மாமியார் உள்ளே போனால் முக்கால் மணி நேரம். மச்சினன் வேலை தேடிக்கொண்டிருந்தான். தேடுதலைத் தினமும் செய்தித்தாளோடு கழிவறையில்தான் தொடங்குவான், பெரும்பாலும் அங்கேயே முடித்துக்கொள்வான்.

வியாழக்கிழமை காலையிலும் பதிவேட்டுக்காரர் தோளில் துண்டோடு அந்த உத்தரவின் கீழேதான் நின்றுகொண்டிருந்தார்.

“டேய், உலகத்துல இருக்கற வேலையெல்லாம் படிச்சு முடிச்சிட்டியா?” என்று கதவைத் தட்டினார்.

“இன்னும் ஒரு பக்கம்தான் அத்தான்.”

“இன்னிக்கு டிவிக்காரங்க வராங்கடா!”

“உள்ளேயா வரப்போறாங்க?”

மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். “ஊருக்கெல்லாம் குழி வெட்டறீங்க. பதினோரு வருஷமா நம்ம வீட்டுக்கு ஒரு குழி வெட்டத் துப்பில்லை.”

“அதான் திங்கக்கிழமை மேஸ்திரி வராரே.”

“வருவாரு. நீங்க நடுவுல எதையும் கெடுத்து வைக்காம இருந்தா வருவாரு.”

உண்மைதான். கொல்லைப்புறத்தில் இரண்டாவது கழிவறைக்கான இடம் சுண்ணாம்பால் கோடு போட்டுத் தயாராக இருந்தது. பெரிய மகள் அந்தக் கோட்டுக்குள் போய் நின்று, ‘இது என் இடம்’ என்று ஒத்திகை பார்த்துவிட்டும் வந்திருந்தாள். திங்கட்கிழமை மேஸ்திரி, செவ்வாய்க்கிழமை செங்கல், மாதக் கடைசியில் விடுதலை.

அகழாய்வுக் குழி வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். கொல்லைக் கதவைத் திறந்தாலே கொட்டகையின் தகரக் கூரை தெரியும்.

பத்தரைக்கு வரவேண்டிய மனித குலம் பதினொன்றேகாலுக்கு மூன்று வேன்களில் வந்து இறங்கியது. முதலில் குடைகள், பிறகு பெட்டிகள், பிறகு ஒரு நாற்காலி, கடைசியாக அந்த நாற்காலியில் உட்காரவேண்டியவர். நிகழ்ச்சியின் தொகுப்பாளர். ஒரு காலத்தில் குரலுக்காகவே புகழ்பெற்றவர். ‘தண்ணீர் கொண்டு வாருங்கள்’ என்பதையே போர் முரசு மாதிரி சொல்வார். அவர் முகத்துக்கு எதிரே ‘சார்’ என்றும், முதுகுக்குப் பின்னால் ‘கம்பீரம்’ என்றும் அழைத்தார்கள். இயக்குநர் ஒரு பெண். தலையில் தொப்பி, கழுத்தில் விசில், கண்ணில் மூன்று நாள் தூக்கம் பாக்கி.

கண்டுபிடிப்பு ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. முந்தின நாள் மத்தியானம், மூன்றாம் குழியில், நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில், கரண்டியக்கா ஒரு சுடுமண் மூடியை எடுத்திருந்தாள். உள்ளங்கை அகலம், நடுவில் மூக்கு மாதிரி ஒரு குமிழ். தோண்டுகிறவர்களில் மூத்தவள் அவள். மண்ணைச் சுரண்டும் கரண்டியைச் சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்காததால் வந்த பெயர். பதிவேட்டில் ‘மூடி, 1’ என்று அச்சு மாதிரி ஏறியிருந்தது.

“அழகா இருக்கு,” என்றாள் இயக்குநர், மூடியைத் திருப்பிப் பார்த்து. “மறுபடி புதைச்சிடலாமா?”

டீ சாப்பிடலாமா என்று கேட்கிற தொனி.

“எதுக்கு?” என்றாள் கரண்டியக்கா.

“சார் கண்டுபிடிக்கணும்ல.”

“நேத்தே நான் கண்டுபிடிச்சாச்சேம்மா.”

“நீங்க கண்டுபிடிச்சப்போ கேமரா இல்லையேக்கா.”

கரண்டியக்கா மூடியைப் பார்த்தாள். “ரெண்டாயிரம் வருஷம் உள்ள கெடந்து, ஒரு ராத்திரிதான் வெளிய இருந்துச்சு. அதுக்குள்ள திரும்ப உள்ளேயா? எந்த ஜென்மத்துப் பாவமோ.”

பதிவேட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “நீங்க என்ன வேணாலும் பண்ணிக்கங்க. ஆனா எடுத்தா எழுதுவேன். எத்தனை தடவை எடுக்கறீங்களோ அத்தனை தடவை எழுதுவேன். விதி.”

இப்படிச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். “சூப்பர் சார்,” என்றாள் இயக்குநர்.

முதல் டேக். கம்பீரம் குழிக்குள் மண்டியிட்டார். ஒரு தூரிகையால் மண்ணை இரண்டு தடவை வருடினார். மூடியை உயர்த்தினார். “ஈராயிரம் ஆண்டு மௌனம்... இதோ... உடைகிறது!” என்றார். அவர் பைக்குள் ஒலித்த கைபேசி அதை உடைத்தது.

“கட்!”

“இருங்க,” என்றார் பதிவேட்டுக்காரர். அளவுகோலை இறக்கினார். புதைத்தவன் அவசரத்தில் மேலாகப் புதைத்திருந்ததால் ஆழம் முப்பத்தெட்டு. நேரம் பார்த்தார், பேனாவைத் திறந்தார், மைத் துளியைக் காகிதத் துணுக்கில் ஒற்றினார். ‘மூடி, 2.’ முழுசாக ஏழு நிமிடம். குடை பிடித்தவர்கள் கை மாற்றிக்கொண்டார்கள். இவருக்கு உள்ளூர ஓர் ஆனந்தம். உங்கள் கேமரா பெரிதா, என் பேனா பெரிதா?

இரண்டாவது டேக். கம்பீரம் மூடியைத் தலைகீழாகப் பிடித்தார். “இந்தக் கிண்ணத்தில் எந்த மன்னன் எந்த மதுவை அருந்தினானோ!”

“அது மூடி சார்,” என்றாள் கரண்டியக்கா.

“மூடியில் அருந்தக் கூடாதா?”

“மூக்கு குத்தும் சார்.”

‘மூடி, 3. ஆழம் 51 செ.மீ.’

மூன்றாவது டேக்கில் எல்லாம் கூடிவந்தது. வசனம் சுத்தம். கண்ணில் நீர்கூடத் திரண்டது. “மானுடமே, இதோ உன் முகவரி!” என்று முழங்கியபடி எழுந்திருக்கப் பார்த்தவர் பாதியில் நின்று, “அம்மாடி!” என்று அலறினார். முட்டி பிடித்துக்கொண்டுவிட்டது. மானுடத்தை இரண்டு பேர் கையைக் கொடுத்துத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள்.

‘மூடி, 4. ஆழம் 44 செ.மீ.’

முட்டிக்குத் தைலம் தேய்க்க இடைவேளை விட்டார்கள். பதிவேட்டுக்காரர் கொட்டகை நிழலில் உட்கார்ந்து, சும்மா இருக்கப் பிடிக்காமல், பதிவேட்டின் பின்னட்டையில் அச்சிட்டிருந்த விதிகளை விரலால் வருடியபடி வாய்க்குள் படித்தார். பிடித்த பாட்டைச் சிலர் முணுமுணுப்பார்களே, அந்த மாதிரி. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று...

பதினான்கில் உதடு நின்றது.

‘ஒரே குழியில் ஒரே வகைப் பொருள் ஐந்தோ அதற்கு மேலோ பதிவானால், குழியைச் சுற்றி இருநூறு மீட்டர் காப்பு நிலமாகும். அந்நிலத்தில் எக்காரணம் கொண்டும் எவரும் மண்வெட்டி இறக்கலாகாது.’

தகரக் கூரைக்கு அப்பால் அவர் வீட்டுக் கொல்லைக் கதவு தெரிந்தது. நூற்று அறுபது மீட்டர். அளந்ததே அவர்தான், தினமும் நடந்து. அதற்கு இந்தப் பக்கம் சுண்ணாம்புக் கோடு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே பூதத்தை ஒவ்வொன்றாக எண் போட்டு வரிசையில் நிறுத்தியிருக்கிறாரே மனிதர்!

எழுந்து இயக்குநரிடம் ஓடினார்.

“அம்மா, அந்த மூணாவது டேக்கையே வெச்சுக்கலாமே. பிரமாதமா இருந்துச்சு.”

“அதுல ‘அம்மாடி’ன்னு கத்தறாரு சார்.”

“அதுதாம்மா உசுரு! அந்த ‘அம்மாடி’ல சரித்திரமே வலிக்கற மாதிரி இருக்கு.”

இயக்குநர் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். காலையிலிருந்து ஏழு ஏழு நிமிடமாகத் தன் உயிரை எடுத்த மனிதருக்கு இப்போது என்ன வந்தது? “இன்னும் ஒண்ணே ஒண்ணு சார். கண்டிப்பா ஓகே ஆயிடும்.”

ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுதானே வினை.

அப்போதுதான் விதியே வழிகாட்டியது: ‘பதிவாளர் கண்ணெதிரே’. கண்ணெதிரே நடக்காவிட்டால்? இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகப் பதிவேட்டுக்காரர் வேலை நேரத்தில் வேண்டுமென்றே முதுகைத் திருப்பினார். கொட்டகைக்குள் போய், கோணிப் பைகளின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, காதையும் பொத்திக்கொண்டார்.

ஐந்து நிமிடத்தில் பொத்திய காதையும் மீறிக் கைதட்டல் கேட்டது. ஓகே ஆகிவிட்டது! மூடி வந்தது, முகவரி வந்தது, முட்டியும் பிடிக்கவில்லை. எழுத ஒன்றுமில்லை. அவர் பார்க்கவே இல்லையே. நான்கோடு நின்றது. கொல்லைப்புறம் பிழைத்தது. வெளியே வந்தவரைப் பார்த்துக் கரண்டியக்கா, “என்ன சார், உள்ள அழுதீங்களா?” என்றாள்.

“தூசி,” என்றார் அவர், மகிழ்ச்சியாக.

அப்போது இயக்குநர் வந்தாள். “சார், எங்க போனீங்க? உங்க கை வேணுமே.”

“என் கையா?”

“ஒரே ஒரு க்ளோஸ்-அப். மண்ணுலேருந்து மூடி வருது, அப்படியே கேமரா திரும்புது, ஒரு கை எழுதுது. அவ்வளவுதான். காலைலேருந்து பார்க்கறேன், இந்த மாதிரி கையெழுத்து நான் பார்த்ததே இல்லை.”

பதிவேட்டுக்காரருக்குக் காது சூடானது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தலைமை அலுவலகத்துக்கு வாரா வாரம் நகல் போகிறது. அங்கே அதைப் பிரிக்கிறார்களா என்பதே சந்தேகம். இருந்தாலும் நிதானத்தை விடவில்லை.

“வேற காகிதத்துல எழுதட்டுமா?”

“அந்தச் சிவப்புக் கோடு போட்ட ஏடுதான் அழகு. சும்மா எதையாவது கிறுக்குங்க சார். யார் படிக்கப்போறாங்க?”

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“கிறுக்கறதா?” என்றார் பதிவேட்டுக்காரர். கழுத்து நிமிர்ந்தது. சட்டைக் கையைச் சரிசெய்தார். “என் ஏட்டுல கிறுக்கலும் கிடையாது, பொய்யும் கிடையாது. எடுங்க மூடியை.”

மூடியை மறுபடி புதைத்தார்கள். கம்பீரத்தின் கை மட்டும் குழிக்குள் இறங்கி அதை எடுத்தது. பதிவேட்டுக்காரர் அளவுகோலை இறக்கினார். கேமரா அவர் மணிக்கட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. அந்த நேரத்தில் அவர் மனத்தில் கொல்லையும் இல்லை, கோடும் இல்லை, மாமியாரும் இல்லை. எழுதினார். ‘மூடி, 5. ஆழம் 40 செ.மீ.’ அந்த ஐந்தின் வளைவு இருக்கிறதே, கோயில் சிற்பி செதுக்கினாலும் அப்படி வராது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதைப் பார்த்திருப்போம். அதை இவ்வளவு அழகான கையெழுத்தில் செய்த யானை வேறில்லை.

மை காய்ந்தபோதுதான் சுயநினைவு வந்தது. தலைமை அலுவலகம் எப்போது படித்திருக்கிறது, இப்போது படிக்க என்று தேற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போய், “டிவியில என் கை வருது,” என்றார். ஐந்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

வழக்கமாகப் படிக்காத தலைமை அலுவலகம், டிவி வந்துபோன இடமாயிற்றே என்று இந்த ஒரு வாரம் மட்டும் நகலைப் பிரித்துப் படித்தது.

திங்கட்கிழமை காலை மேஸ்திரி மண்வெட்டியை ஓங்கிய சமயத்தில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து கயிறும் கம்பங்களும் ஒரு முனைவரும் இறங்கினார்கள். மேஸ்திரி ஓங்கிய மண்வெட்டியை அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டார்.

“வாழ்த்துகள்!” என்று முனைவர் பதிவேட்டுக்காரரின் கையைக் குலுக்கினார். “ஐந்து மூடிகள்! ஆனால் ஒரு பானைகூட இல்லை. இதன் பொருள் புரிகிறதா உங்களுக்கு? பானையே செய்யாமல் மூடி மட்டுமே செய்து வாழ்ந்த ஒரு பெருங்குடி! அதுவும் ஐந்து வெவ்வேறு ஆழங்களில். முந்நூறு ஆண்டு இடையறாத மூடி மரபு! எதை மூடினார்கள்? அதுதான் கேள்வி. நான் ஒரு நூலே தொடங்கிவிட்டேன்.”

மனைவி கொல்லைக் கதவருகே வந்து நின்றாள். பின்னால் மகள்கள், மாமியார். மச்சினன் மட்டும் வழக்கமான இடத்தில்.

“ஐயா,” என்றார் பதிவேட்டுக்காரர். “அது அஞ்சு மூடி இல்லைங்க. ஒரே மூடிதான். அஞ்சு தடவை எடுத்தாங்க.”

முனைவர் நகலைப் புரட்டினார். “அப்படிக் குறிப்பு ஏதும் இல்லையே?”

“குறிப்புங்கற பத்தியே இல்லைங்களே.”

“ஏன் இல்லை?”

“நான்தாங்க எடுக்கச் சொன்னேன்.”

முனைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் நூல் ஒன்று கையில் இருந்தது, பாவம். “சரி. எளிய வழி ஒன்று உண்டு. இந்தப் பதிவு பொய் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். நான் ஜீப்பில் ஏறிப் போய்விடுகிறேன்.”

பேனாவை நீட்டினார். ஒரே வரி. கொல்லையில் சுண்ணாம்புக் கோடு வெள்ளை வெளேர் என்று காத்துக்கொண்டிருந்தது. மனைவி புருவத்தை உயர்த்தினாள். பதினோரு வருடமும் அந்தப் புருவத்தில் இருந்தது. பதிவேட்டுக்காரர் பேனாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். பேனாவின் மூடியை. எழுதப் பார்த்தார். ‘இப்பதிவு’ வரை வந்தது. ‘பொய்’ என்ற அந்த இரண்டு எழுத்து வரவில்லை. கை மரம் மாதிரி நின்றது.

“என் ஏட்டுல பொய் கிடையாதுங்க,” என்றார் கடைசியில், அழாத குறையாக. “என் கண்ணெதிரே அஞ்சு தடவை வந்துச்சு, அஞ்சு தடவை எழுதினேன்.”

“அற்புதம்,” என்றார் முனைவர். “கட்டுங்கப்பா கயிறை.”

மேஸ்திரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கயிறு சுண்ணாம்புக் கோடு, கொல்லை, வீடு எல்லாவற்றையும் உள்ளே வளைத்துக்கொண்டு போயிற்று. கொட்டகையில் ஐந்து கண்ணாடிப் பெட்டிகள் வந்தன. முதல் பெட்டியில் மூடி. மற்ற நான்கிலும் ‘சீரமைப்புக்காக எடுத்துச் செல்லப்பட்டுள்ளது’ என்ற அட்டை. தினமும் அவற்றைத் துடைத்து வைத்தாள் கரண்டியக்கா. “காலிப் பெட்டியில தூசி மட்டும் நல்லாச் சேருது சார்,” என்றாள்.

வீட்டில் மனைவி நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

“எழுதறதுக்கு ஒரு கை இருந்துச்சு, எழுதாம இருக்க ஒரு கை இல்லையா உங்களுக்கு?”

“டிவியில வரும்போது பாரு. அப்பத் தெரியும் உனக்கு.”

“என்ன தெரியும்? க்யூல நிக்கறப்போ கால் வலிக்காதுன்னா?”

ஆனாலும், சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் அவளே சொல்லி வைத்திருந்தாள். போனது போகட்டும், கையாவது வருகிறதே. ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, கூடத்தில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கழிவறையிலிருந்து பத்தே நிமிடத்தில் வெளியே வந்து முன்வரிசையில் இடம் பிடித்தான். பதிவேட்டுக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். கையை நன்றாகக் கழுவியிருந்தார்.

இடி இடித்தது. குதிரைகள் ஓடின. எங்கிருந்து வந்த குதிரைகளோ. டிரோன் வானத்திலிருந்து கொட்டகையைப் பார்த்தது. கம்பீரம் வயல் வரப்பில் மெதுவாக, மிக மெதுவாக நடந்தார். தலையைத் திருப்பினார். மறுபடி நடந்தார்.

“கை எப்பம்மா வரும்?” என்றாள் மாமியார்.

“வரும் அத்தை, இருங்க. மூடி வந்ததும் வரும்,” என்றார் பதிவேட்டுக்காரர்.

விளம்பரம் வந்தது, போயிற்று. கம்பீரம் குழியின் விளிம்பில் நின்று தொடுவானத்தை நோக்கினார். சின்ன மகள் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். மனைவிகூட நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். கம்பீரம் பெருமூச்சு விட்டார். குதிரைகள் மறுபடி ஓடின. எழுத்துகள் கீழிருந்து மேலே போகத் தொடங்கின.

நிகழ்ச்சியின் நீளம் கருதி, மூடி வரும் பகுதி முழுவதையும் வெட்டிவிட்டிருந்தார்கள்.